சந்தேகச் சோறு யாருக்கு?

நேற்றிரவு எடுத்துவைக்க மறந்து அடுப்பங்கரையில் கிடந்த கறிச்சட்டி இன்று காலையில் உண்ணத் தக்கதா, தகாததா என்பதும் ஓர் ஆராய்ச்சிக்குரிய விஷயமா, அதை வீட்டிலுள்ள பெண்மணிகள் முகர்ந்து பார்த்துத் தீர்த்துவிட மாட்டார்களா என்று நேயர்களிற் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டுகிறேன். கடவுள் உண்டா, இல்லையா என்னும் கேள்வியை ஒரு மனிதன் தன் ஆயுளில் நாலைந்து தடவை மனமாரக் கேட்டிருந்தால் அதுவே அதிகம். “இது கெட்டுப்போயிற்றா?” என்னும் கேள்வியோ ஒவ்வொரு வீட்டிலும் வாரந்தோறும் எழுகின்றது. அதற்கு விடை சொல்பவரிடம் சட்டப் புத்தகம் ஏதுமில்லை, ஒரு மூக்கும், ஒரு நாக்கும், “இவ்வளவையுமா கொட்டுவது?” என்னும் மன வேதனையுமே உள்ளன. அவ்விடை தவறிப்போனால் அதன் பலனை அனுபவிப்பவர் பெரும்பாலும் விடை சொன்னவரல்லர். பாயில் படுத்திருக்கும் குழந்தை, அல்லது வேலைக்காட்டில் தூக்குச்சட்டியைத் திறக்கும் தொழிலாளி. ஒருவர் சொல்லும் தீர்ப்புக்கு மற்றொருவர் தண்டனை பெறும் இடத்தில் ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி எழாமற் போகாது.

முதலில் விஷயத்தின் இயல்பை அறிவோம். உணவின் மூலம் நோயுண்டாக்கும் கிருமிகள் 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் பெருகுகின்றன. ஐந்துக்குக் கீழே அவற்றுள் பெரும்பாலானவை சோம்பிக் கிடக்கும். அறுபதுக்கு மேலே பெருக மாட்டா. நாம் வாழும் நாடோ பூமத்திய ரேகையை ஒட்டியது. பகலில் 32 பாகை, இரவில் 25 பாகை என்று ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே நிலை. மார்கழிக் குளிர் என்பது நமக்குப் பஞ்சாங்கத்தில் மட்டுமே உண்டு. ஆகவே நம் சமையலறை அக்கிருமிகளுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் கதவு திறந்த சத்திரமாகும். தக்க இடத்தில் ஒரு கிருமி இருபது நிமிஷத்தில் இரண்டாகின்றது. கணக்கெழுதிப் பிழைப்பவனாதலின் எண்ணைக் கண்டால் பெருக்கிப் பாராமலிருக்க என்னால் முடிவதில்லை. இரவு எட்டு மணிக்கு இருந்த ஒன்று, அவ்வேகம் குறையாதிருப்பின், காலை ஆறு மணிக்கு 107 கோடிக்கு மேலாகும். உண்மையில் இரையும் இடமும் குறைந்து அப்பெருக்கம் நடுவிலே தணியும் என்பது வேறு விஷயம்; மனிதனைப் படுக்கையில் தள்ள அதில் ஒரு சிறு பங்கே போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து விதிகளில், சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடலாகாது என்பது அடங்கியுள்ளது. சிங்கப்பூரில் விருந்துகளுக்கு உணவு சமைத்து அனுப்புவோர், எந்த நேரத்துக்குள் அதை உண்ண வேண்டுமென்று குறித்தே அனுப்ப வேண்டும்; அங்கே எல்லை நான்கு மணி. மலேசியச் சுகாதார அமைச்சும் நான்கு மணியையே சொல்லி வருகிறது. இரண்டென்றும் நான்கென்றும் இருவேறு பேச்சு ஏன் என்று குழம்ப வேண்டுவதில்லை. ஆஸ்திரேலியாவில் இரண்டையும் சேர்த்து ஒரே விதியாக வழங்குகின்றனர்: இரண்டு மணிக்குள்ளாயின் குளிர்ப்பெட்டியில் வைத்துப் பிறகு உண்ணலாம், இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் என்றால் அப்பொழுதே உண்டுவிட வேண்டும், எடுத்து வைக்கக் கூடாது, நான்கைத் தாண்டினால் கொட்ட வேண்டும். இதைவிடத் தெளிவாக எவரும் சொல்ல முடியாது. ஆயினும் இது தெரிந்த வீடுகளிலும் காலையில் சட்டியைத் திறந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பவர் இல்லை. குனிந்து முகர்ந்து பார்க்கின்றனர்.

மூக்கின் சாட்சியத்தை நான் இகழ்ந்து பேசவில்லை. ஊசிப்போன சோற்றின் கொழகொழப்பையும், நூலிழுக்கும் பருப்பையும், புளித்துப் பொங்கிய தேங்காய்ப்பால் குழம்பையும் கண்டுகொள்ள அதுவே போதும். மூக்கு வேண்டாமென்று சொன்னதை எவரும் உண்ண வேண்டாம். ஆனால் மூக்கு சரியென்று சொன்னதை நம்பலாமா? இங்கேதான் பெரும் பிழை நேர்கின்றது. உணவின் மணத்தையும் சுவையையும் கெடுக்கும் கிருமிகள் ஒரு கூட்டம். மனிதனை நோயாளியாக்கும் கிருமிகள் பெரும்பாலும் வேறு கூட்டம். பின்னவை மணமும் நிறமும் மாறாமலே உணவில் நிறைந்திருக்க வல்லவை. மூக்குக்கு எட்டாத குற்றவாளிக்கு மூக்கிடம் நற்சாட்சிப் பத்திரம் வாங்குவதில் என்ன பயன்?

இதைவிட வலிமை வாய்ந்த நம்பிக்கை ஒன்றுண்டு. “நன்றாகக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்பதே அது. சோற்றை எடுத்துக்கொள்வோம். பாசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமி மண்ணிலிருந்து அரிசியோடு வருகின்றது. அதன் வித்துக்கள் உலை கொதிப்பதைப் பொருட்படுத்துவதில்லை. சோறு வெந்த பின்னும் உயிரோடிருந்து, ஆறிய சோற்றில் முளைத்துப் பெருகி, ஒருவகை நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தியுண்டாக்கும் அந்நஞ்சு 121 பாகை வெப்பத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்தாலும் அழிவதில்லை என்று கண்டிருக்கின்றனர். நம் அடுப்பில் கொதிக்கும் நீரோ 100 பாகைதான். மனிதருடைய மூக்கிலும் கையிலும் குடியிருந்து, பரிமாறும்போது உணவில் இறங்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியின் நஞ்சும் கொதியைத் தாங்கும். பெரிய அண்டாவில் சமைத்து மெல்ல ஆறும் இறைச்சிக் கறியின் நடுவில் காற்றில்லாத இடத்தை விரும்பி வளரும் கிளாஸ்ட்ரிடியம் இனம் வேறு. சுடவைத்தல் கிருமியைக் கொல்லும். அது விட்டுச் சென்ற நஞ்சைக் கொல்லாது. 2008ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டில் இருபது வயது மாணவன் ஒருவன், ஐந்து நாள் வெளியிலே கிடந்த கோதுமை இழையுணவைச் சுடவைத்து உண்டு, மறுநாட் காலைக்குள் மாண்டான். அத்தகைய சாவு மிக அரிது. வாந்தியும் பேதியும் அரிதல்ல. குழந்தைக்கும் முதியோருக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் அவையே போதுமான ஆபத்து.

நிற்க. நம் பாட்டிமார் குளிர்ப்பெட்டியைக் கண்டதில்லையே, அவர்கள் நேற்றைய சோற்றை உண்டு நூறாண்டு வாழவில்லையா என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்வி. அவர்கள் உண்டது பழைய சோறு, மறந்துபோன சோறன்று. இரவே தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் சோறு புளிக்கின்றது. அப்புளிப்பை உண்டாக்கும் நல்ல கிருமிகள் தீய கிருமிகளுக்கு இடங்கொடாமல் தடுக்கின்றன. உப்பிட்டு உலர்த்திய கருவாடு, எண்ணெயும் உப்பும் மிதக்கும் ஊறுகாய், புளி மிகுந்த மீன்குழம்பு ஆகிய எல்லாம் காலத்தோடு போராடுவதற்கு அவர்கள் கண்டுபிடித்த உபாயங்கள். அவர்கள் எதையும் தற்செயலாக விட்டு வைக்கவில்லை. வைப்பதற்கென்றே ஒரு முறை வைத்திருந்தனர். அம்முறையை விட்டுவிட்டு, கல்யாணத்தில் மீந்த கோழிக்கறியையும் நெய்ச்சோற்றையும் பாத்திரத்தோடு மேசைமேல் விட்டுறங்கிய பிறகு, பாட்டியைச் சாட்சிக்கு அழைப்பது பாட்டிக்கு இழைக்கும் அநீதியாகும். குளிர்ப்பெட்டி வந்தபின் வேறொரு மூடநம்பிக்கையும் வந்திருக்கின்றது. அப்பெட்டி கெட்டதை நல்லதாக்கும் என்று எண்ணி, ஆறு மணி நேரம் வெளியே கிடந்ததை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகின்றனர். பெட்டி கிருமியைக் கொல்வதில்லை. தாமதப்படுத்துவது ஒன்றே அதன் வேலை. இடிமழையில் மின்சாரம் நின்றுவிட்டால், கதவைத் திறவாதிருந்தும் நான்கு மணி நேரத்துக்குத்தான் அதன் குளிர்ச்சியை நம்பலாம்.

இனி ஒழுக்கத்தின் பக்கம் வருவோம். வில்லியம் கிளிஃபோர்டு என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1877ஆம் ஆண்டில், நம்பிக்கையின் ஒழுக்கம் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் ஒரு கப்பற் சொந்தக்காரனைப் பற்றிச் சொல்கிறார். அவனுடைய கப்பல் பழையது. பழுது பார்க்க வேண்டியது. பிறதேசம் போய்ப் பிழைக்கப் புறப்பட்ட குடும்பங்களை ஏற்றிக்கொண்டு புறப்படவிருப்பது. அவனுக்கு உள்ளூரச் சந்தேகம் உண்டாயிற்று. பழுது பார்த்தால் செலவு. ஆகவே, இதற்கு முன் எத்தனையோ தடவை பத்திரமாய்ப் போய்வந்த கப்பல்தானே என்றும், இத்தனை ஏழைகளைத் தெய்வம் கைவிடுமா என்றும் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இறுதியில் கப்பல் நல்லதென்றே மெய்யாக நம்பிவிட்டான். கப்பல் நடுக்கடலில் மூழ்கியது. அவன் இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டு வாய்மூடியிருந்தான். அவன் மனப்பூர்வமாய் நம்பியதனால் குற்றமற்றவனாவானா என்று கேட்கிறார் கிளிஃபோர்டு. ஆகான், ஏனெனில் அந்நம்பிக்கையை அவன் விசாரித்து அடையவில்லை, சந்தேகத்தை நெரித்து அடைந்தான். அதனினும் முக்கியமாக, அக்கப்பல் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளியே என்கிறார்.

நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்களின் பேரர்களாகிய நமக்கு இவ்வுதாரணம் எளிதில் விளங்கும். கப்பலுக்குப் பதில் கறிச்சட்டியை வைத்துக்கொள்ளுங்கள். முகர்ந்து பார்ப்பவர் நடுநிலையாளரல்லர். மூன்று வெள்ளித் தேங்காயும் இருபது வெள்ளிக் கோழியும் வீணாகிவிடக் கூடாதென்னும் ஆசை அவருக்கு உண்டு. திரும்பச் சமைக்க வேண்டுமே என்னும் அலுப்பு உண்டு. வழக்காளியே நீதிபதியாயிருக்கும் நியாயஸ்தலத்தில் தீர்ப்பு எப்படியிருக்கும்? “சென்ற வாரமும் இப்படித்தான் தின்றோம், ஒன்றும் செய்யவில்லையே” என்பதும், “முன்பும் கரை சேர்ந்த கப்பல்தானே” என்பதும் ஒரே பேச்சு. ஒன்றும் நேராதது நம் விசாரணை சரியென்பதற்கு அத்தாட்சியாகாது. அன்று அச்சட்டியில் கிருமி குறைவாயிருந்தது என்பதற்கே அத்தாட்சியாகும்.

அப்படியானால் சந்தேகம் தோன்றியதும் எறிந்துவிடுவதே அறமா? ஆங்கிலத்தில் எழுதுவோர் அவ்வாறே ஒரு வரியில் முடித்துவிடுகின்றனர். அவ்வரி எனக்கு முழுத் திருப்தி தருவதில்லை. நிறைந்த அலமாரியும் அடுத்த தெருவில் கடையும் உள்ளவனுடைய வாயில் அது எளிதாக வரும். மாத முடிவில் அரிசிப் பானையின் அடி தெரியும் வீட்டில், ஒரு சட்டிக் கறி என்பது ஒரு நாட் கூலியின் பாதியாகும். அவளிடம் போய், “எறிந்துவிடம்மா” என்று சொல்லிவிட்டு நடப்பவன் அவளுக்கு அறிவு புகட்டியவனாகான். தன் வசதியைக் காட்டிக்கொண்டவனாவான். சிக்கனம் ஏழையின் குற்றமன்று, அவனுடைய தற்காப்பு. ஆனால் அதே வீட்டில் ஒருவர் மூன்று நாள் வேலைக்குப் போகாமல் படுத்தால் போவது எவ்வளவு என்று கணக்கிட்டால், எறிந்த கறி மலிவாகவே முடியும். இக்கணக்கு மாத்திரம் போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஏனெனில் எறிவது நிச்சயமான நஷ்டம், நோய் வருவது வரலாம், வராமலுமிருக்கலாம். வறுமையில் மனிதன் நிச்சயமான நஷ்டத்துக்கே அதிகம் அஞ்சுகிறான். அதனாலேதான், சந்தேகம் வந்தபின் எப்படித் தீர்ப்பது என்பதைவிட, சந்தேகமே வராதபடி இரவிலே என்ன செய்வது என்பது பெரிய கேள்வியாகின்றது. இரவு உணவு முடிந்ததும் வயிறு நிறைந்திருக்கிறது, ஆசை அடங்கியிருக்கிறது, நேரமும் தெரியும். அப்பொழுது செய்யும் முடிவு அறிவின் முடிவு. காலையில் பசியோடும் அவசரத்தோடும் பெரட்டுக்கு நேரமாகிவிட்ட பதைப்போடும் செய்யும் முடிவு அத்தகையதன்று.

இவ்விடத்தில் தாய்மாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. பல வீடுகளில் சந்தேகச் சோறு எங்கே போகின்றது? குழந்தைக்குப் புதிதாய் இரண்டு தோசை. கணவனுக்குக் கடையில் வாங்கிய ரொட்டி. நேற்றைய மிச்சம் தாயின் தட்டில். “எனக்கு ஒன்றும் செய்யாது” என்று அவள் சொல்லுகிறாள். இதைத் தியாகமென்று நாம் புகழ்ந்து, கதைகளிலும் சினிமாக்களிலும் கண்ணீர் விட்டு வருகின்றோம். கெட்டிருக்கலாமென்று வீடு முழுவதும் ஐயுற்ற ஒன்றை ஒருத்தி மட்டும் உண்ணப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், அவள் வயிற்றைக் குப்பைத்தொட்டியாக மதிக்கின்றனர் என்பதே அப்புகழ்ச்சியின் பொருள். அவளாக விரும்பித்தானே உண்கிறாள் என்பர். வேறெவரும் விரும்பாத இடத்தில் அவள் ஒருத்தியே நாடோறும் விரும்ப நேர்வது விருப்பமாகுமா? தன் உடலைத் தான் ஆபத்துக்குட்படுத்த ஒருவருக்கு உரிமையுண்டென்பதை நான் மறுக்கவில்லை. அந்த உரிமை வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகளுக்கும் உண்டே! அவர்கள் ஏன் அதைக் கொண்டாடக் காணோம்?

தாயின் தட்டைத் தாண்டிச் சந்தேகச் சோறு போகும் வழி இன்னொன்று உண்டு. அது தர்மம். ஒரு காலத்தில் துரை பங்களாவில் விருந்து நடந்த மறுநாள் மீந்தது லயங்களுக்கு வரும். வாங்கியவர்களுக்கு அது எப்பொழுது சமைத்ததென்று தெரியாது, கேட்கவும் வாயில்லை. அச்சோற்றின் கசப்பை நம் கிழவர்கள் பலர் சொல்லியிருக்கின்றனர். இன்று காலம் மாறிவிட்டது. பால்மரம் நின்ற இடங்களிற் பெரும்பகுதி செம்பனையாயிற்று. லயத்துப் பிள்ளைகள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போயினர். குலை வெட்டவும் பழம் பொறுக்கவும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆட்கள் வந்திருக்கின்றனர். நம் வீட்டுக் கல்யாணத்தில் பகல் பன்னிரண்டுக்கு இறக்கிய அண்டாவில் மாலை ஐந்து மணிக்கு மிஞ்சியதை இப்பொழுது நாம் எங்கே அனுப்புகிறோம்? “அந்த வெளிநாட்டுப் பையன்களுக்குக் கொடுத்துவிடுங்கள், பாவம், நன்றாகத் தின்பார்கள்” என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். சொன்னவரே அதைத் தம் தட்டில் போட்டுக்கொள்ளவில்லை என்பதையும் கண்டிருக்கிறேன். நல்ல உணவை நல்ல நேரத்தில் கொடுப்பது சிறந்த செயல். அதை நான் குறைத்துப் பேசவில்லை. எனக்கு ஆகாதென்று நான் ஐயுறுவதை, ஐயத்தைச் சொல்லாமல், கேட்கத் துணியாத ஒருவனுக்குக் கொடுப்பது கொடையன்று. கிளிஃபோர்டின் கப்பற்காரனாவது கப்பல் நல்லதென்று தன்னையே நம்பவைத்தான். நாம் அந்தச் சிரமமும் எடுத்துக்கொள்வதில்லை.

இதைச் சொல்லும்போது நம் சமூகத்தின் பழைய எச்சரிக்கை ஒன்று நினைவுக்கு வருகின்றது. உணவு விஷயத்தில் நாம் கவனமற்றவர்களாயிருந்ததில்லை. கவனம் தப்பான இடத்தில் இருந்தது. யார் தொட்டது, எந்தச் சாதியான் பார்த்தது, கிரகணம் பிடித்ததா விட்டதா என்று விசாரித்தோம். தாழ்ந்தவனென்று நாம் பெயரிட்ட மனிதனுடைய நிழல் பட்ட சோற்றைக் கொட்டினோம். ஈ மொய்த்த சோற்றைத் தட்டிவிட்டு உண்டோம். இரவில் கறிச்சோறு தூக்கிச் சென்றால் பேய் தொடராதிருக்க ஒரு கரித்துண்டு வைத்தோம், மூடி வைக்கவில்லை. உண்மையான தீட்டு ஒன்றுண்டு. அது பச்சை மீனிலிருந்து கத்திக்கும், கத்தியிலிருந்து பலகைக்கும், பலகையிலிருந்து சமைத்த பண்டத்துக்கும் தாவும். கையைக் கழுவினால் போகும். சாதியைக் கேட்டு நிற்காது. 2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சிங்கப்பூர் கேலாங் சிராய் சந்தையில் ரோஜாக் உண்ட 150 பேருக்கு மேல் நோயுற்று இருவர் மாண்டனர். பச்சைக் கடலுணவின் கிருமி சமைத்த பண்டத்தில் கலந்ததே காரணமென்று அதிகாரிகள் கண்டனர். இத்தனை நூற்றாண்டுகளாகத் தீட்டுப் பார்த்த நமக்கு இந்தத் தீட்டு ஒன்றைப் பார்க்கத் தெரியாமற் போனது விந்தையிலும் விந்தை.

செய்ய வேண்டியது அதிகமில்லை. பெரிய பாத்திரத்தில் உள்ளதை அகன்ற தட்டங்களில் ஆழமில்லாமல் பரப்பினால் விரைவில் ஆறும். இரண்டு மணிக்குள் உள்ளே போய்விடும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் அளந்து சமைப்பதும், மீந்த வெறுஞ்சோற்றுக்கு இரவே தண்ணீர் ஊற்றுவதும் முறை. தேங்காய்ப்பாலும் இறைச்சியும் சேர்ந்ததை மறுநாளைக்கு நம்பலாகாது. பிறருக்குக் கொடுப்பதானால் பந்தி தொடங்கும்போதே ஒரு பங்கை எடுத்து முதலில் அனுப்ப வேண்டும், கடைசியில் அன்று.

நாலு வெள்ளிச் செலவுமில்லாத இன்னொரு வழியும் உண்டு. அண்டாவின் மூடிமேல், இறக்கிய மணியைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவைப்பது. எங்கள் பகுதியில் ஒரு முதிய சமையற்காரர் கொஞ்ச நாளாக இதைச் செய்து வருகிறார். அண்மையில் நடந்த ஒரு கல்யாணத்தில் மூடியில் அவர் எழுதியிருந்தது பதினொன்றே கால். முகூர்த்தம் தாமதித்து, பந்தி முடியும்போது மணி நாலு. அரை அண்டா குருமா மீந்திருந்தது. தொழிலாளர் விடுதிக்கு அனுப்பலாமென்றனர் பெண் வீட்டார். வாசனை இன்னும் நன்றாயிருக்கிறதே என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன். சமையற்காரர் ஒன்றும் வாதாடவில்லை, மூடியைத் திருப்பி அவரிடம் காட்டி, “முதல் தட்டு உங்களுக்குப் போடட்டுமா, ஐயா?” என்று கேட்டார். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு இரண்டு வாலிபர்கள் மண்வெட்டி எடுத்துக்கொண்டு செம்பனைக் காட்டுப் பக்கம் போயினர்.